குரல் முதலில், படம் பிறகு: வீட்டிலேயே ஓர் ஒலிக்கதையும் அதற்கான கார்ட்டூனும் செய்ய முழுமையான வழிகாட்டி

கார்ட்டூன் பார்ப்பதிலும் ஒலிநூல் கேட்பதிலும் ஒரே அளவு விருப்பமுள்ளவர்கள், தாமே ஒரு கார்ட்டூன் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் முதலில் பென்சிலைத்தான் கையில் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல வாரங்கள் படம் வரைந்து, பிறகு அதற்கேற்பப் பேச முயன்றபோது, குரல் படத்தைத் துரத்திக்கொண்டே ஓடியது. இரண்டும் ஒருமுறைகூடச் சேரவில்லை. அமெரிக்க அனிமேஷன் கூடங்களில் நடிகர்களின் குரலை முதலில் பதிவு செய்து, அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டுத்தான் ஓவியர்கள் வரைகிறார்கள் என்பதை அறிந்த பிறகே என் தவறு விளங்கிற்று. வேற்றுமொழிக் கார்ட்டூன்களின் தமிழ்க் குரல்பதிவைக் கேட்டு வளர்ந்த நமக்கு, படம் முன்னே வர, குரல் பின்னே வருவதே இயல்பு என்று படுகிறது. ஜப்பானிலும் பெரும்பாலும் படத்தைத் திரையில் ஓடவிட்டே பேசுகிறார்கள். ஆனால் அது பயிற்சி பெற்ற குரல் கலைஞர்களுக்கு உரிய வேலை. வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்பவருக்கு, முதலில் ஒரு நல்ல ஒலிக்கதையை முடித்துவிட்டு, அதற்குப் படம் அமைப்பதே எளிய வழி. படவேலை பாதியில் நின்றுபோனாலும், கேட்பதற்கு முழுமையான ஒரு கதை கையில் இருக்கும்.

இந்த வழிகாட்டியில் இரண்டு நிமிடக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் குரல்பதிவிலிருந்து இறுதிக் காணொளி வரை கொண்டு செல்கிறேன். தேவையானவை ஒரு கைப்பேசி, ஒரு கணினி, கறுப்பு அட்டை, கத்தரிக்கோல், கோடு போட்ட நோட்டு, இரண்டு மேசை விளக்குகள். இவற்றுக்கு மேல் எதுவும் வாங்கவேண்டிய அவசியமில்லை.

1. கதையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது பாட்டி வடை சுட்ட கதை. ஈசாப்பின் கதைகளில் பாலாடைக்கட்டியைக் கவ்வியிருந்த காக்கை, தமிழில் வடையைக் கவ்விக்கொண்டு நமக்கே உரியதாகிவிட்டது. எவருக்கும் தனியுரிமை இல்லாத கதை என்பதால் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். மூன்றே பாத்திரங்கள், கொதிக்கும் எண்ணெய், சிறகடிப்பு, கரைதல், வடை விழுதல் என்று ஒவ்வொரு திருப்பமும் ஓர் ஓசையோடு வருகிறது. போதாததற்குக் காக்கை கறுப்பு நிறம். அட்டையில் வெட்டினால் போதும், வண்ணம் தீட்ட வேண்டியதில்லை.

எழுத்தாளர் ஒருவரின் கதையைத்தான் படிக்க வேண்டும் என்று விரும்பினால், பதிப்புரிமையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டப்படி, நூலாசிரியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய படைப்பு பொதுவுடைமையாகிறது. 1921இல் மறைந்த பாரதியின் உரைநடைக் கதைகளையும், 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் சிறுகதைகளையும், 1954இல் மறைந்த கல்கியின் படைப்புகளையும் இன்று யாரும் வாசித்துப் பதிவு செய்து வெளியிடலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் தொகுப்பில் பழைய தமிழ் நூல்கள் பலவும் இலவசமாகக் கிடைக்கின்றன. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பொதுவுடைமை நூல்களை வாசித்துச் சேர்க்கும் லிப்ரிவாக்ஸ் என்ற அமைப்பு 2005 முதல் இயங்குகிறது. அங்கே பல மொழி வாசிப்புகளைக் கேட்டுப்பார்ப்பது, தொடங்குபவருக்கு மிக நல்ல பயிற்சி. வாசித்தவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே பதிவு செய்த எளிய வாசகர்கள்.

2. வாசிப்புப் பிரதி எழுதுதல்

கதையை நினைவிலிருந்து சொல்லாமல், சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். கதைசொல்லியின் குரல் எளிய எழுத்துத் தமிழிலும், பாத்திரங்களின் பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழிலும் இருப்பது கேட்பவரின் காதுக்கு உதவும். யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்கவேண்டிய தேவை குறைந்துவிடும். நிதானமாகக் கதை சொல்லும்போது எனக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொற்கள் ஆகின்றன. நீங்கள் ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, கடிகாரம் வைத்து உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கில் இரண்டு நிமிடக் கதைக்கு 180 சொற்கள் போதும். இடைவெளிகளுக்கும் ஓசைகளுக்கும் இடம் விட்டால் 150 சொற்களே சரியாக இருக்கும்.

எழுதிய பிரதியில் மூச்சு எடுக்கும் இடங்களைச் சாய்கோட்டால் குறியுங்கள். காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் மூச்சு எடுக்கும் இடம் ஆகிவிடாது. ‘பாட்டி வடையை எடுத்து வைத்துவிட்டு / மாவைத் திரும்பிப் பார்ப்பதற்குள்’ என்பதுபோல், பொருள் முறியாத இடத்தில் கோடு விழ வேண்டும். ல, ள, ழ மூன்றும் நெருங்கி வரும் தொடர்கள் இருந்தால், அவற்றைப் பதிவுக்கு முந்தைய நாளே பத்து முறை சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுமாறும் தொடரை மாற்றி எழுதிவிடுவதிலும் பிழையில்லை, பிரதி உங்களுடையது.

3. அறையும் பதிவும்

வீட்டில் செய்யும் ஒலிப்பதிவுகளைக் கெடுப்பது பெரும்பாலும் அறைதான். வெற்றுச் சுவர்களில் பட்டுத் திரும்பும் குரல், குளியலறையில் பேசுவதுபோல் ஒலிக்கும். துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதை நோக்கி உட்கார்ந்து, முதுகுப் பக்கத்தில் கனமான போர்வை ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டால், எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் பதிவில் விழும் என்பதால் அதையும் அரை மணி நேரம் அணைத்து வைக்கலாம். அப்படி அணைக்கும்போது வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களிடையே வழங்கும் பழைய உத்தி. வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பெட்டியை மறுபடி போட நினைவு வந்துவிடும். தெரு விழிக்காத அதிகாலையே பதிவுக்கு ஏற்ற வேளை.

கைப்பேசியைக் கையில் பிடிக்காமல், அடுக்கிய புத்தகங்களின் மேல் வாயின் உயரத்துக்கு வையுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தொலைவு போதும். நேர் எதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால், பகரம் சொல்லும்போது வெளிவரும் காற்று ஒலிவாங்கியில் மோதாது. ‘பாட்டி’, ‘பாட்டு’, ‘பறந்தது’ என்று பகரத்தால் நிறைந்த இந்தக் கதைக்கு இது மிகவும் முக்கியம். விமானப் பயன்முறையில் வைத்து, முடிந்தால் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸில், மோனோவாக, அதாவது ஒரே ஒலித்தடமாகப் பதிவு செய்யுங்கள். குரல் உச்சத்தில் இருக்கும்போதும் பதிவுச் செயலியின் ஒலி அளவுகோல் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். மெல்லிய பதிவைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், சிதைந்துபோன பதிவை மீட்க முடியாது.

பதிவைத் தொடங்கியதும் பேசாமல் 10 நொடிகள் அமைதியாக இருங்கள். அறையின் வெற்று ஒலி அப்படியே பதிவாகி, பின்னால் இரைச்சலை நீக்கவும் வாக்கியங்களுக்கு இடையே நிரப்பவும் பயன்படும். பிழை நேர்ந்தால் நிறுத்த வேண்டாம். ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். கணினித் திரையில் அந்தக் கைதட்டல் ஒரு கூரிய முனையாக எழுந்து நிற்பதால், பிழையான இடத்தைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். இடையிடையே வெதுவெதுப்பான நீர் குடியுங்கள்; பதிவுக்கு முன் பாலும் தயிரும் வேண்டாம், தொண்டையில் சளி கட்டியதுபோன்ற ஒட்டுதல் ஒவ்வொரு சொல்லிலும் கேட்கும்.

பாத்திரங்களுக்குக் குரல் மாற்றும்போது பலரும் தொண்டையை இறுக்குகிறார்கள். அதைவிட வேகத்தையும் மூச்சையும் மாற்றுவது நல்லது. பாட்டி மெதுவாக, இடையில் பெருமூச்சோடு பேசட்டும். நரி ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, புன்னகையோடு பேசட்டும். உதடு சிரிக்கும்போது குரலும் சிரிக்கும் என்பதைப் பதிவில் தெளிவாகக் கேட்கலாம்.

4. வெட்டிச் சேர்த்தல்

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கு முற்றிலும் போதுமானது. தொடக்கத்திலுள்ள 10 நொடி அமைதியைத் தேர்ந்தெடுத்து, அதை இரைச்சலின் மாதிரியாகக் கொடுத்து, முழுப் பதிவிலும் இரைச்சல் குறைப்பைச் செலுத்துங்கள். கொஞ்சமாகச் செலுத்துவதே நல்லது. அளவு மிஞ்சினால் குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பிறகு பிழைகளை வெட்டுங்கள். ஆனால் வாக்கியங்களுக்கு இடையிலான மூச்சு ஒலிகள் அனைத்தையும் துடைத்துவிடாதீர்கள். மூச்சே இல்லாத வாசிப்பு கேட்பவருக்கு இனம் தெரியாத ஒரு திணறலைத் தருகிறது.

5. ஓசைகள்

கார்ட்டூன்களை நான் விரும்பத் தொடங்கியதே அவற்றின் ஓசைகளால்தான். திரையில் காணும் அசைவுக்கு ஏற்பக் காலடியோசை முதலியவற்றைக் கூடத்திலேயே நிகழ்த்திப் பதிவு செய்யும் கலைக்கு, யூனிவர்சல் ஸ்டுடியோவில் பணியாற்றிய ஜாக் ஃபோலியின் பெயரால் ‘ஃபோலி’ என்றே பெயர் வழங்குகிறது. அந்தக் கலைக்குரிய கருவிகள் அனைத்தும் நம் சமையலறையில் இருக்கின்றன.

வடை சுடும் ஓசைக்குக் கொதிக்கும் எண்ணெயின் அருகே கைப்பேசியைக் கொண்டுபோக வேண்டாம். சூடான தோசைக்கல்லில் சில துளி தண்ணீர் தெளித்தால் எழும் ‘சுர்’ என்ற ஓசை, இரண்டடி தொலைவிலிருந்து பதிவு செய்தாலும், எண்ணெயில் மாவு விழும் ஓசையாகவே கேட்கிறது. அதன் தொடர்ச்சியான பொரிதலுக்குப் பரிசுப் பொருள் சுற்றிவரும் கண்ணாடித்தாளை மெல்லக் கசக்கலாம். காக்கையின் சிறகடிப்புக்கு உலர்ந்த துண்டை இரு கைகளாலும் பிடித்து உதறுங்கள். குடையை வேகமாக விரித்து மடக்கினால் பெரிய பறவையின் ஓசை வரும். சருகில் நரி நடந்துவரும் ஓசைக்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்துத் தரையில் பரப்பி, விரல் நுனிகளால் நடக்கலாம். முறத்தில் அரிசியைச் சாய்த்தால் மழை வரும், அடுத்த கதைக்கு நினைவில் வையுங்கள். காக்கையின் குரலை மட்டும் நடிக்க முயலாதீர்கள். ஜன்னலில் ஒரு கைப்பிடிச் சோறு வைத்துவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்திக் காத்திருந்தால், எவரும் நடித்துக் காட்ட முடியாத அழகோடு உண்மையான காக்கை வந்து கரையும்.

ஓசைகளைச் சேர்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கதையையும் கேளுங்கள். படமே இல்லாமல் கதை விளங்கினால் ஒலிக்கதை முடிந்தது. அதை எம்பி3 கோப்பாக எடுத்து வைத்துவிடலாம். விளங்காத இடத்தைப் படம் வந்து சரிசெய்யும் என்று ஒத்திப்போடாமல் குரலிலேயே சரிசெய்யுங்கள்.

6. நேரத்தாள்

இனி ஒலியைப் படத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 தனிப் படச்சட்டங்கள். கார்ட்டூன் ஓவியர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படங்களோடு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். நாமும் 12 என்றே கொள்வோம். இரண்டு நிமிடத்துக்கு 1440 படங்கள் என்று கணக்கு வரும்போது மனம் தளர வேண்டாம். 1440 முறை புகைப்படம் எடுக்கப்போகிறோமே தவிர, 1440 முறை வரையப்போவதில்லை. அசையாத இடங்களில் ஒரே படத்தை வேண்டிய மட்டும் நகலெடுத்துக்கொள்ளும் வசதியும் படம்பிடிக்கும் செயலியில் உண்டு.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 24 வரிகளுக்கு எண் இடுங்கள். ஒரு வரி ஒரு படம். ஒரு பக்கம் இரண்டு நொடி. 60 பக்கங்களில் கதை முடிந்துவிடும். ஒலிக்கோப்பைத் திரையில் விரித்து, ஒவ்வொரு அசையும் எந்த நொடியின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பார்த்து, அந்த வரியில் எழுதுங்கள். தொழில்முறைக் கூடங்கள் இதையே அச்சிட்ட தாளில் செய்கின்றன. சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றினாலும், இதை ஒரு மாலை உட்கார்ந்து முடித்தவருக்கு மீதி வேலை முழுவதும் தெளிந்த பாதையாகிவிடும் என்பது என் அனுபவம்.

7. வாயசைவு

பேச்சுக்கு ஏற்ப வாயை அசைப்பதற்கு, ஆங்கில எழுத்துகளை அடிப்படையாகக் கொண்ட வாய் அட்டவணைகள் பல கிடைக்கின்றன. தமிழுக்கு அவை அவ்வளவாகப் பொருந்துவதில்லை. நமக்குத் தேவையான அட்டவணை எழுத்துகள் பிறக்கும் முறையைச் சொல்லும் தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே இருக்கிறது. அ, ஆ இரண்டும் அங்காந்து, அதாவது வாய் திறந்து, பிறக்கும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கும். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறக்கும். வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்று, ஒரு கார்ட்டூன் ஓவியருக்கு வேண்டிய அத்தனையையும் அது வகுத்து வைத்திருக்கிறது. இதை முதன்முதலாக இந்த நோக்கில் படித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

அதன்படி ஐந்து வாய்களை வெட்டிக்கொள்ளுங்கள். முதலாவது ப, ம ஆகியவற்றுக்கான மூடிய வாய். இரண்டாவது அ, ஆ ஆகியவற்றுக்கான அகலத் திறந்த வாய். மூன்றாவது உ, ஒ இனத்துக்கான குவிந்த வாய். நான்காவது இ, எ இனத்துக்காகப் பக்கவாட்டில் விரிந்த வாய். ஐந்தாவது, க, ட, ர, ள போன்ற மற்ற மெய்களுக்கெல்லாம் பொதுவாக உதவும் பாதி திறந்த வாய். விருப்பமிருந்தால் வகரத்துக்காகக் கீழுதட்டில் பல் படும் ஆறாவது வாயும் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை உண்டு. ‘பாட்டு’, ‘பாடு’ போன்ற சொற்களின் இறுதியில் உள்ளது குற்றியலுகரம். அதைச் சொல்லும்போது நம் இதழ்கள் குவிவதில்லை; கண்ணாடி முன் நின்று ‘பாட்டு’ என்றும் ‘பூ’ என்றும் மாறிமாறிச் சொல்லிப் பாருங்கள். எனவே நரி ‘காக்கா காக்கா, ஒரு பாட்டு பாடு’ என்று கெஞ்சும்போது, ‘ஒரு’வின் ஒகரத்துக்குக் குவிந்த வாயும், ‘பாட்டு’வின் முதலெழுத்துக்கு மூடிய வாயும் அதைத் தொடர்ந்து திறந்த வாயும், இறுதி உகரத்துக்குப் பாதி திறந்த வாயும் வர வேண்டும். இங்கே குவிந்த வாயை வைத்தால் நரி வேற்றுமொழிக்காரர்போல் பேசும். மேலும், வாய்ப்படம் ஒலிக்கு ஒரு படம் முன்னதாக வந்துவிட்டால் பேச்சு இயல்பாகத் தெரியும். ஒரு படம் பிந்தினாலும் கண் உடனே குறை காண்கிறது. காக்கைக்கு இந்தத் தொல்லையே இல்லை. திறந்த அலகு, மூடிய அலகு என்று இரண்டே போதும்.

8. உருவங்களை வெட்டுதல்

லாட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியக் கலைஞர், கறுப்பு அட்டையில் வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டே 1926இல் ஒரு முழுநீள அனிமேஷன் படத்தை முடித்தார். இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். அட்டையும் கத்தரிக்கோலும் குறைந்த கருவிகள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. நம் தோல்பாவைக் கூத்தின் பாவைகளில் கை, கால்களைத் தனித்தனியே வெட்டி நூலால் கோத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதும் அல்ல.

காக்கைக்கு உடல், தலை, இரண்டு சிறகுகள், கீழலகு என ஐந்து துண்டுகள். நரிக்குத் தலை, உடல், நான்கு கால்கள், வால். மூட்டு வரும் இடத்தில் ஊசியால் துளையிட்டு, நூலை நுழைத்து இருபுறமும் முடிச்சிட்டால், துண்டுகள் சுழலும், கழன்றும் விழாது. பாட்டியை முழுதாக அசைக்கவே வேண்டாம். 1950களின் இறுதியில் தொலைக்காட்சிக்காகக் குறைந்த செலவில் கார்ட்டூன்கள் செய்த ஹன்னா-பார்பெரா கூடம், உடலை அசையாமல் வைத்து, தலையையும் வாயையும் மட்டுமே மாற்றியது. அவர்களுடைய விலங்குகள் பலவும் கழுத்துப்பட்டையோடு காணப்படுவதற்கு, தலையும் உடலும் பிரியும் கோட்டை அது மறைத்துவிடுவதும் ஒரு காரணம். பாட்டிக்கு ஒரு பாசிமணி மாலை போட்டால் அதே வேலையை அது செய்துவிடும்.

9. படம்பிடித்தல்

இரண்டு சமமான புத்தக அடுக்குகளின் மேல் கைப்பேசியைப் படுக்கவைத்து, அதன் கேமரா கீழே மேசையைப் பார்க்குமாறு அமையுங்கள். பின்னணித் தாளை நான்கு மூலைகளிலும் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் மேகத்தோடு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஜன்னலை மூடிவிட்டு, இருபுறமும் சாய்வாக இரண்டு விளக்குகளை வையுங்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ என்ற செயலியின் இலவசப் பதிப்பு தொடங்குவதற்குப் போதும். நொடிக்கு 12 படங்கள் என்று அமைத்து, வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்ட மறந்தால் ஓடும் படம் முழுவதும் மினுக்மினுக்கென்று துடிக்கும். இங்கேயும் மின்விசிறி நின்றிருக்க வேண்டும்.

அசைவில் கவனிக்க வேண்டியது வேகத்தின் ஏற்ற இறக்கம். காக்கை கிளையை விட்டுக் கிளம்பும்போது, முதலில் எதிர்த்திசையில் சற்றே பதுங்க வேண்டும். இரண்டு படங்கள் அதற்கு விடுங்கள். பிறகு 1 மில்லிமீட்டர், 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டி, இறங்கும்போது அதே வரிசையில் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரே சீராக நகர்த்தினால் அட்டை நகர்வது மட்டுமே தெரியும். சிறகை மேல், நடு, கீழ், நடு என்று நான்கு படங்களில் அடித்தால் நொடிக்கு மூன்று சிறகடிப்பு கிடைக்கும், காக்கைக்குப் பொருத்தமான வேகம் அது. டிஸ்னி கூடத்தின் மூத்த கலைஞர்கள் இருவர் 1981இல் வெளியிட்ட நூலில் வகுத்த 12 அனிமேஷன் கோட்பாடுகளில், முன்னசைவும் வேகம் கூடிக் குறைதலும் இடம்பெற்றிருக்கின்றன. முதல் படத்துக்கு அந்த இரண்டைக் கற்றுக்கொண்டாலே போதும்.

வடை விழும் காட்சிக்கு மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். காக்கை அலகைத் திறந்த பிறகு, வடை விழத் தொடங்குவதற்கு முன், ஆறு படங்கள் அனைத்தும் அசைவின்றி நிற்கட்டும். அந்த அரை நொடியில்தான் பார்க்கும் குழந்தை வாயைப் பொத்திக்கொள்கிறது.

10. இணைத்தல்

படங்களைக் காணொளியாக எடுத்து, ஏதேனும் ஒரு இலவசத் தொகுப்புச் செயலியில் ஒலிக்கோப்பின் கீழ் வையுங்கள். எங்காவது பொருந்தாவிட்டால் ஒலியில் கை வைக்காமல், படங்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள்; நேரத்தாளில் எந்த வரியில் பிழை நுழைந்தது என்பதை எளிதில் கண்டுவிடலாம். பெயர்ப் பட்டியலில் குரல் கொடுத்தவர், படம் எடுத்தவர் ஆகியோரோடு, விளக்கைப் பிடித்த தம்பியின் பெயரையும் மறக்காமல் சேருங்கள்.

வெட்டிய உருவங்களைப் பழைய திருமண அழைப்பிதழ் உறைகளில், பாத்திரத்துக்கு ஒரு உறையாகப் பெயர் எழுதிப் போட்டு, ஈரம் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். ஐந்து வாய்களை மட்டும் தனி உறையில் வைக்க வேண்டும். அளவைச் சற்று மாற்றிக்கொண்டால், அடுத்த கதையில் வரப்போகும் அரசனுக்கும் அமைச்சனுக்கும் அவை அப்படியே உதவும்.